நூறு காலடித் தொலைவு



தொல்காப்பியர் செய்யுளியலில் அங்கதத்தை இரண்டாகப் பகுக்கிறார். வெளிப்படையாகப் பழிப்பது செம்பொருள் அங்கதம். மறைத்துப் பழிப்பது பழிகரப்பு அங்கதம். அறம் பாடிய புலவன் வாக்கால் அரசன் அழிந்தான் என்னும் கதையும் நம்மிடையே வழங்குகிறது. சொல்லுக்கு மெய்யாகவே அத்தகைய ஆற்றல் உண்டா? இத்தாலியின் சிசிலித் தீவு வரலாறு ஒன்று இவ்வினாவை எதிர்கொள்கிறது.

பலெர்மோ நகருக்கு மேற்கே கடலோரச் சிற்றூர் சினிசி. 1923இல் அங்குப் பிறந்தவன் கயெத்தானோ பதலமெந்தி. ஊரின் மாஃபியாத் தலைவன் செசாரே மன்செல்லா 1963இல் கார் வெடிகுண்டுக்கு இரையானபின் தலைமை இவனிடம் வந்தது. 1970களில் சிசிலி மாஃபியாக் குடும்பங்களின் உயர்குழுவுக்கே தலைவனானான். அமெரிக்காவில் பீட்சாக் கடைகளைத் திரையாகக் கொண்டு நடந்த ஹெராயின் வணிகத்தில் அவன் பங்கு பெரிது. ஊரார் அவனை மரியாதையோடு 'டோன் தானோ' என்றனர். அம்மரியாதையின் வேர் அச்சம்.

அவன் வீட்டிலிருந்து நூறு காலடித் தொலைவில் இம்பஸ்தாத்தோ குடும்பம் வாழ்ந்தது. மன்செல்லா அக்குடும்பத்தின் நெருங்கிய உறவினன். தந்தையும் மாஃபியாத் தொடர்புடையவர். மன்செல்லா சிதறியபோது மகன் பெப்பினோவுக்கு வயது 15. அச்சாவு அவரை எதிர்த்திசையில் திருப்பியது. 1965இல் தோழர்களோடு செய்தித்தாள் தொடங்கினார். தந்தை அவரை வீட்டைவிட்டு வெளியேற்றினார். கவிதையும் எழுதினார். 1977இல் 'ரேடியோ அவுத்' என்னும் சிறு வானொலியை நிறுவினார். அதில் சினிசி 'மாஃபியோபோலி' ஆயிற்று. அமெரிக்கப் பழங்குடித் தலைவர் 'சிட்டிங் புல்' பெயரைத் திரித்து, டோன் தானோ 'உட்கார்ந்த தானோ' ஆனான். காளமேகம் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார். அச்சத்தால் ஆளுபவனுக்குக் கொலைப்பழியைவிட நகைப்பே பேரிழப்பு. சிரிக்கும் ஊர் நாளை அஞ்ச மறந்துவிடும்.

1978இல் பெப்பினோ ஊராட்சித் தேர்தலில் போட்டியிட்டார். வாக்கெடுப்புக்குச் சில நாள் முன்பு, மே 9 அதிகாலை, இருப்புப் பாதையில் வெடிமருந்தால் சிதைந்த அவர் உடல் கிடந்தது. தண்டவாளத்தைத் தகர்க்க முயன்ற தீவிரவாதி என்றனர் காவல்துறையினர். அன்றே முன்னாள் பிரதமர் ஆல்டோ மோரோவின் உடல் ரோமில் கண்டெடுக்கப்பட, நாடு சினிசியைப் பார்க்கவில்லை. இறந்தபின்னும் வாக்காளர்கள் அவரையே தேர்ந்தெடுத்தனர்.

அறம் பாடிய கதை இங்குத் தலைகீழானது: பாடியவர் மாண்டார், பாடப்பட்டவன் வாழ்ந்தான்.

ஆயினும் வரலாறு அங்கே முடியவில்லை. தோழர்கள் அருகிலிருந்த குடிலில் குருதி படிந்த கற்களைத் தேடியெடுத்தனர். தாய் ஃபெலீசியா பழிக்குப் பழி வேண்டாம், நீதி வேண்டும் என்றார். மாஃபியா உறவை அறுத்துக்கொண்டு, இளைய மகனோடு வழக்குமன்றம் சென்றார். பதலமெந்தி 1984இல் மாட்ரிட்டில் பிடிபட்டு, 1987இல் நியூயார்க் நீதிமன்றத்தில் போதைப்பொருள் வழக்கில் 45 ஆண்டுத் தண்டனை பெற்றான். பெப்பினோ வழக்கில் விசாரணை திசைதிருப்பப்பட்டதை இத்தாலிய நாடாளுமன்றக் குழு 2000இல் ஏற்றது. அவ்வாண்டே 'நூறு காலடிகள்' என்னும் திரைப்படமும் வெளிவந்தது. 2002இல், கொலை நடந்து 24 ஆண்டுகள் கழிந்து, அவனுக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 2004 ஏப்ரலில் அமெரிக்கச் சிறையில் இறந்தான். அதே ஆண்டு டிசம்பரில், தீர்ப்பைக் கேட்ட நிறைவோடு அத்தாய் மறைந்தார். பறிமுதலான அவன் வீடு பின்னாளில் பெப்பினோவின் நினைவைப் போற்றுவோர் கைக்கு வந்தது.

சொல் தானே சென்று கொல்வதில்லை. தன்னைச் சொன்னவரைக் காப்பதும் இல்லை. சொன்னவர் மாண்டபின் அதைக் கையில் ஏந்த ஒரு தாயும் சில தோழர்களும் இருந்தால், 24 ஆண்டு நடந்தேனும் நூறு காலடியைக் கடந்துவிடுகிறது. கவிஞனுக்கு ஓர் அவை வேண்டும் என்பதன் பொருள் கைதட்டல் அன்று, இதுவே. இவ்விலக்கிய வட்டம் அத்தகைய அவையாய் நீடிக்க வாழ்த்துகள்.