முள்ளை முள்ளால் எடுத்தல்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



முள்ளை முள்ளால் எடுப்பது நம்மவர் வழக்கம். வைரசைக் கொண்டு புற்றுநோயைக் கொல்லும் வைத்தியமும் அத்தகையதே. ஆனால், கண்ட முள்ளெல்லாம் இதற்கு உதவாது. 1949ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த அறிக்கையொன்றைப் பாருங்கள். ஹொட்ஜ்கின் நோய் என்னும் நிணநீர்ப் புற்றுநோய் கொண்ட 22 பேருக்கு, ஈரலழற்சி வைரசு அடங்கிய குருதிநீர் முதலியவற்றை ஏற்றினார்கள். 14 பேருக்கு ஈரலழற்சி கண்டது. நால்வருக்குக் கட்டி சுருங்கியது. ஒருவராவது அந்த வைரசாலேயே மாண்டார். இதை வைத்தியம் என்பதா, சூதாட்டம் என்பதா?

வைரசிலிருந்து வேண்டாததை நீக்கக் கற்ற பின்னரே வழி பிறந்தது. உதட்டோரத்தில் கொப்புளம் எழுப்பும் ஹேர்ப்பிசு வைரசை எடுத்துக்கொள்வோம். வைரசு புகுந்ததை உணர்ந்த நற்கலம், தன் புரத உற்பத்தியையே நிறுத்திவிடும். தான் மடிந்தாலும் பகைவன் பெருகக்கூடாது என்பது அதன் எண்ணம் போலும்! வைரசோ தன் பரம்பரையலகு ஒன்றின் துணையால் அத்தடையை உடைக்கிறது. அந்தப் பரம்பரையலகை விஞ்ஞானிகள் வெட்டி நீக்கினர். நற்கலத்தில் வைரசு முடங்கிற்று. ஓயாது பெருகும் புற்றுநோய்க் கலத்திலோ அத்தடை பெரும்பாலும் பழுதுபட்டிருக்கும். அங்கே வைரசு பெருகி, கலத்தை வெடிக்கச் செய்து, அயற்கலங்களிலும் புகுகிறது. சிதறிய துணுக்குகளைக் கண்டு உடலின் காவற்கலங்களும் விழித்துக்கொள்கின்றன. அவற்றைத் தூண்டும் புரதமொன்றின் பரம்பரையலகையும் வைரசிலே சேர்த்துவிட்டனர்.

டி-வெக் எனப்படும் இவ்வைரசு, மெலனோமா என்னும் தோற்புற்றுநோய்க்கென 2015இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 436 பேரைக் கொண்டு நடந்த பரிசோதனையில், ஆறு மாதமேனும் நிலைத்த குணம் நூற்றுக்கு 16 பேரிடம் காணப்பட்டது. ஒப்பிடுவதற்காக வேறு மருந்து பெற்றோரிடம் அது நூற்றுக்கு 2 பேரளவே. எஞ்சிய 84 பேரை மறந்து, "புற்றுநோய்க்கு முடிவு" என்று கொட்டை எழுத்திற் போடும் பத்திரிகையை நான் நம்புவதில்லை. யப்பானும் 2021இல் மூளைக்கட்டிக்கு இத்தகைய ஹேர்ப்பிசு வைரசொன்றை நிபந்தனையுடன் அனுமதித்தது.

இவ்விரண்டையும் கட்டிக்குள்ளேயே ஊசியால் ஏற்றுகிறார்கள். வளர்ந்தோர் பலரின் குருதியில் ஹேர்ப்பிசுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் முன்னரே உண்டு. நாளத்தின் வழியே விட்டால், அவை வைரசை நடுவழியிலேயே மறித்து அழித்துவிடக்கூடும். ஊசி எளிதில் எட்டாத இடங்களிற் பரவிய கட்டிகளுக்கு வைரசை எவ்வாறு கொண்டுசெல்வது என்பதே இன்று ஆராய்ச்சியாளருக்குப் பெருந் தலையிடி.