நீரிழிவும் மனச்சோர்வும் உணவுப் பிணக்கும்

"பட்ட காலிலே படும்" என்பது பழமொழி. துன்பம் பெரும்பாலும் துணையோடுதான் வரும் என்பதை முன்னோர் இவ்வாறு சுருங்கச் சொல்லி வைத்தனர். நோய்களுக்கும் இவ்வியல்பு உண்டு. ஒருவரையே மூன்று நோய்கள் ஒருங்கே பற்றி, ஒன்று மற்றொன்றுக்கு உரமிட்டு வளர்க்கும் நிலை உலகெங்கும் காணப்படுகிறது. நீரிழிவு, மனச்சோர்வு, உணவோடு ஏற்படும் பிணக்கு ஆகிய அம்மூன்றையும் சேர்த்து நோக்குவதே இப்பேச்சின் நோக்கம்.

நீரிழிவை அறியாத வீடு நம் நாட்டில் அரிது. யாழ்ப்பாணத்து முதியோர் அதனைச் சலரோகம் என்றனர். இன்று சீனி வருத்தம் என்பதே பெருவழக்கு. 2005, 2006ஆம் ஆண்டுகளில் இலங்கையில் நடைபெற்ற ஓர் ஆய்வு, வளர்ந்தோரில் ஏறத்தாழப் பத்துப் பேருக்கு ஒருவர் இந்நோய் உடையவர் எனக் கண்டது. அதன்பின் வந்த ஆய்வுகள் அத்தொகை மேலும் பெருகியதையே காட்டின. உண்ட உணவிலிருந்து பிறக்கும் சீனியை உடலின் கலங்களுக்குள்ளே புகுத்துவது, சதையி சுரக்கும் இன்சுலின் என்னும் பொருளாகும். அது சுரவாது ஒழிந்தால் முதலாம் வகை நீரிழிவு. சுரந்தும் உடல் அதற்கு இணங்காமற் போய், நாளடைவிற் சுரப்பும் குன்றினால் இரண்டாம் வகை.

இந்நோய்க்கும் உணவுக்கும் உள்ள உறவு பழமையானது, துயரம் நிறைந்ததுங்கூட. இன்சுலின் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்னர், முதலாம் வகை நீரிழிவுற்ற பிள்ளைகளுக்கு வைத்தியர்கள் அளித்த சிகிச்சை பட்டினியே. அமெரிக்காவில் பிரெடெரிக் அலன் என்னும் வைத்தியர் வகுத்த அம்முறை, உணவை அளந்து அளந்து குறைத்து, மரணத்தைச் சில மாதங்கள், சில ஆண்டுகள் தள்ளி வைத்தது. அம்முறைக்கு உட்பட்டவர்களுள் ஒருவர், அந்நாட்டின் வெளிவிவகாரச் செயலராக விளங்கிய சார்ள்ஸ் எவன்ஸ் ஹியூஸ் என்பவரின் மகள் எலிசபெத். 1919ஆம் ஆண்டில், பதினொரு வயதில், நோய் கண்ட அச்சிறுமி மூன்று ஆண்டுகளை அரைப் பட்டினியிலே கழித்தாள். 1922ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் கனடாவின் ரொறன்ரோ நகருக்கு அழைத்துச் செல்லப்பட்டபோது அவள் எலும்புந் தோலுமாய் இருந்தாள். அங்கே பிரெடெரிக் பான்ரிங், சார்ள்ஸ் பெஸ்ற் முதலானோர் முந்திய ஆண்டிற் கண்டறிந்திருந்த இன்சுலின் அவளுக்கு ஏற்றப்பட்டது. அவள் உயிர் பிழைத்தாள், மணம் முடித்தாள், மூன்று மக்களைப் பெற்றாள், 1981ஆம் ஆண்டு வரை வாழ்ந்தாள். ஆயினும், தமக்கு நீரிழிவு உண்டு என்பதை மிக நெருங்கிய சிலரன்றிப் பிறர் அறியாதவாறு அவர் வாழ்நாள் முழுவதும் மறைத்தே வந்தார்.

இவ்வரலாற்றில் இரண்டு செய்திகள் உள. உணவைக் கண்டு அஞ்சும் நிலை நீரிழிவின் நிழலாகவே வளர்ந்தது என்பது ஒன்று. நோயை வெற்றி கொண்டவர்கூட அதனை வெளியிற் சொல்லக் கூசினார் என்பது மற்றொன்று. இன்சுலின் வந்து ஒரு நூற்றாண்டு கடந்த பின்னும் அவ்வச்சமும் அக்கூச்சமும் நீங்கியபாடில்லை.

இனி, உணவுப் பிணக்கு என்பது யாது? பசியும் நிறைவும் உணவை ஆளாது, அச்சமும் குற்றவுணர்வும் ஆளத் தொடங்கினால் அது நோயாகிறது. இதற்குப் பல வடிவங்கள் உண்டு. உண்ண மறுத்து மெலிதல் ஒரு வடிவம். 1873ஆம் ஆண்டில் இலண்டனில் வில்லியம் கல் என்பவரும் பாரிஸில் சார்ள்ஸ் லசேக் என்பவரும் தனித்தனியே அதனை ஆராய்ந்து எழுதினர். கட்டுக்கடங்காது உண்டு, பின்னர் அவ்வுணவை எவ்வாறேனும் போக்கிவிட முயல்வது இன்னொரு வடிவம். 1979ஆம் ஆண்டில் ஜெறால்ட் ரசல் என்னும் மனநல வைத்தியர் அதனைத் தனி நோயாக விளக்கினார். போக்க முயலாது, கட்டுக்கடங்காது உண்பது மட்டும் திரும்பத் திரும்ப நிகழ்வது மூன்றாவது வடிவம். அமெரிக்க மனநல வைத்தியர் சங்கம் 2013ஆம் ஆண்டிலேதான் அதனைத் தன் நோய்ப் பட்டியலிற் சேர்த்துக்கொண்டது. நம்மவர் இதனைப் பெருந்தீனி என்றும் வாய்க்கட்டில்லாமை என்றும் இகழ்ந்து விடுகின்றனர். பெருந்தீனிக்காரன் சுவைத்து மகிழ்ந்து உண்கிறான். இந்நோயுற்றவரோ சுவை அறியாது, விரைந்து, தனிமையில் ஒளித்து உண்டு, உண்ட கணமே தம்மை வெறுக்கிறார்.

மனச்சோர்வு என்பது வெறும் கவலையன்று. இரண்டு வாரங்களுக்குக் குறையாமல் மனம் இருண்டு கிடப்பது, முன்பு விரும்பியவற்றில் நாட்டம் அற்றுப் போவது, உறக்கமும் பசியும் நிலை பிறழ்வது, தாம் ஒன்றுக்கும் உதவாதவர் என்ற எண்ணம் வேரூன்றுவது ஆகியன அதன் குறிகள். நீரிழிவுக்கு நீண்ட துயரமும் ஒரு காரணம் எனப் பதினேழாம் நூற்றாண்டிலேயே தோமஸ் வில்லிஸ் என்னும் ஆங்கில வைத்தியர் எழுதினார். காரணம் எதுவாயினும் இரண்டும் சேர்ந்து காணப்படுவது உண்மை. பல ஆய்வுகளைத் தொகுத்து 2001ஆம் ஆண்டில் வெளியான கட்டுரை ஒன்று, நீரிழிவுடையோரிடம் மனச்சோர்வு ஏனையோரிலும் ஏறத்தாழ இருமடங்கு காணப்படுவதாகக் கணித்தது.

இம்மூன்றும் ஒன்றையொன்று எவ்வாறு பற்றுகின்றன என்பதை ஓர் உதாரணத்தாற் காணலாம். முப்பத்தெட்டு வயதுள்ள ஒரு பெண், அலுவலகத்தில் எழுதுவினைஞர், இரண்டு பிள்ளைகளின் தாய், நீரிழிவுக்கு மாத்திரை உட்கொள்பவர் என்று கொள்வோம். காலையிற் குருதிச் சீனியின் அளவு கூடியிருக்கக் கண்டு, அவர் காலை உணவை விடுகிறார். மதியம் சீனியில்லாத தேநீரோடு சமாளிக்கிறார். மாலையிற் கை நடுங்குகிறது, தலை சுற்றுகிறது. வீட்டு வேலையெல்லாம் முடித்து, எல்லோரும் உறங்கிய பின்னர், குசினியில் விளக்கேற்றாமலே நின்று, மிஞ்சிய பிட்டையும் பாணையும் பிள்ளைகளின் பிஸ்கற்றையும் வயிறு நோகுமட்டும் உண்கிறார். வெற்றுக் கடதாசியைக் குப்பையின் அடியிற் புதைக்கிறார். மறுநாட் காலையிற் சீனி இன்னும் கூடியிருக்கிறது. மறுபடியும் பட்டினி; மறுபடியும் இரவு.

கிளினிக்குக்குப் போகும் நாள் நெருங்குகிறது. இரண்டு நாள் வயிற்றைக் காயப்போட்டு, எண்ணை நல்லதாகக் காட்ட முயல்கிறார். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் குருதிப் பரிசோதனை உண்மையைச் சொல்லிவிடுகிறது. கடிந்துரை கேட்டுத் தலை குனிந்து திரும்புகிறார். அடுத்த முறை அவர் செல்வதில்லை. மருந்தும் தவறுகிறது. இருந்தென்ன பயன் என்ற எண்ணம் தலையெடுக்கிறது. இங்கே எந்த நோய் முதலில் வந்தது என்று வினவிப் பயனில்லை. பட்டினி பசியைப் பெருக்கியது. பசி கட்டுமீறிய உணவாயிற்று. அது சீனியை ஏற்றியது. ஏறிய சீனி உடலைச் சோரச் செய்தது. உடற்சோர்வும் வெட்கமும் மனச்சோர்வாயின. மனச்சோர்வு மருந்தை மறக்கச் செய்தது. நீரிழிவு வைத்தியர் எண்ணைக் காண்கிறார். மனநல வைத்தியர் கண்ணீரைக் காண்கிறார். இரவிற் குசினியில் நடப்பதை வினவுவார் ஒருவருமில்லை.

இளையோரிடத்தில் இச்சுழல் இன்னும் கொடியது. முதலாம் வகை நீரிழிவுள்ள இளம் பெண்களிடம் உணவுப் பிணக்கு ஏனைய பெண்களிலும் இருமடங்கு காணப்பட்டதாக, கனடாவில் நடைபெற்று 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று கூறியது. நாள்தோறும் உணவை அளந்து எண்ணி வாழும் பிள்ளைக்கு உடலைப் பற்றிய கவலையும் சேர்ந்துவிட்டால், ஊசியையே பகையாகக் கருதி அதனைக் குறைக்கும் துணிவு பிறக்கலாம். இது உயிரோடு விளையாடுவதாகும். முதலாம் வகையில் இன்சுலின் தவறினால், சிறிது காலத்திலேயே குருதி அமிலத்தன்மை அடைந்து உயிராபத்து நேரும். தப்பினாலும் கண்ணும் சிறுநீரகமும் இளமையிலேயே பழுதுறும். காரணம் விளங்காது மெலியும் பிள்ளையை, அடிக்கடி வைத்தியசாலையிற் சேரும் பிள்ளையை, பிறர் முன் உண்ணவும் ஊசி போடவும் மறுக்கும் பிள்ளையைப் பெற்றோரும் ஆசிரியரும் கூர்ந்து நோக்குதல் கடன்.

வீட்டார் பேச்சுக்கும் இதிற் பங்குண்டு. விழா வீடுகளில் நிகழ்வதை யாவரும் அறிவர். "உனக்குச் சீனி வருத்தமெல்லோ பிள்ளை, உதைத் தொடாதே" என்று ஒரு மாமி தட்டைப் பறிப்பார். "ஒரு துண்டு திண்டால் என்ன வரப்போகுது, சாப்பிடு தங்கச்சி" என்று இன்னொரு மாமி அதையே நீட்டுவார். இருவரும் அன்பினாலேயே பேசுகின்றனர். ஆயினும் சபை நடுவில் ஒருவரது தட்டு வழக்குப் பொருளாகிவிடுகிறது. அன்று சபையில் உண்ணாதவர் இரவில் ஒளித்து உண்பார். தட்டைப் பற்றிய பேச்சை விட்டு, "இண்டைக்கு எப்படி இருக்கிறாய்?" என்று கேட்பது பெரும் உதவி. வீடு முழுவதும் ஒரே சமையலை உண்பதும் அவ்வாறே. நோயாளிக்குத் தனிச் சட்டி வைப்பது அவரைத் தனிமைப்படுத்தும்.

இனிச் சிகிச்சையைக் கவனிப்போம். இம்மூன்று நோய்களுக்குமான சிகிச்சைகள் ஓரிடத்திற் சந்திக்கின்றன. அவ்விடம், நேரத்துக்கு உண்ணுதல். கட்டுமீறி உண்ணும் நோய்க்கு ஒக்ஸ்போட்டில் கிறிஸ்தோபர் பெயர்பேர்ன் என்னும் மனநல வைத்தியர் வகுத்த உளச்சிகிச்சையின் முதற்படி, உணவைக் குறைப்பதன்று, ஒழுங்காக உண்பதே. நாளுக்கு மூன்று வேளை உணவும், இடையே இரண்டு மூன்று சிற்றுணவும், நான்கு மணி நேரத்துக்கு மேல் வெறுவயிறின்மையும் அதன் விதி. பகலிற் பட்டினி நீங்கினால் இரவின் வெறியும் தணிகிறது. நீரிழிவுக்கும் இதுவே நன்று. குருதிச் சீனி ஏறி இறங்கி ஆடுவது குறைகிறது. சோர்ந்த மனத்துக்கும் நாளுக்கொரு சட்டம் கிடைக்கிறது. எத்தனை முறை எவ்வளவு என்பதை மருந்துக்கு ஏற்ப வைத்தியரும் போசாக்கு ஆலோசகரும் வகுத்தல் வேண்டும். தட்டிற் பாதி மரக்கறியும் கீரையும், காற்பங்கு சோறு அல்லது இடியப்பம், காற்பங்கு மீனோ பருப்போ முட்டையோ என்ற அளவு நினைவில் வைத்தற்கு எளிது. எவ்வுணவையும் பாவமென்று ஒதுக்கத் தேவையில்லை. அவ்வாறு ஒதுக்கிய உணவே இரவில் அழைக்கும்.

உடலையும் மனத்தையும் சேர்த்துக் கவனிப்பதன் பயன் சோதித்தும் காணப்பட்டுள்ளது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், நீரிழிவோ இருதய நோயோ உடையவராய் மனச்சோர்வும் உற்ற 214 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தப்பட்டு, அதன் முடிவு 2010ஆம் ஆண்டில் வெளியாயிற்று. பயிற்சி பெற்ற தாதியர், வைத்தியரின் மேற்பார்வையில், உடலையும் மனத்தையும் ஒரே சந்திப்பில் விசாரித்து, மருந்துகளை உரிய காலத்திற் சீர்செய்து வந்தனர். ஓராண்டின் முடிவில் அவர்கள் கவனித்தோரிடம் மனச்சோர்வும் குருதிச் சீனியும் இரத்த அழுத்தமும் ஏனையோரிலும் நன்கு குறைந்திருந்தன. உணவுப் பிணக்கு அவ்வாய்வின் பொருளன்று. எனினும் அது காட்டும் வழி தெளிவானது. ஒன்றை மறைத்து மற்றொன்றை மட்டும் சொல்லும் நோயாளிக்கு அரைச் சிகிச்சையே கிட்டும்.

ஆகவே செய்யத்தக்கது யாது? கிளினிக்கில் இரண்டே வசனம் சொன்னாற் போதும்: "இரவில் உணவை நிறுத்த முடியவில்லை, டொக்டர். மனமும் சோர்ந்திருக்கிறது." சொல்ல நா எழாவிடில் கடதாசியில் எழுதி நீட்டலாம். நம் நாட்டு அரசாங்க வைத்தியசாலைகளில் மனநலப் பிரிவுகளும் இலவசச் சிகிச்சையும் உண்டு. மனநோய் மருந்துகளிற் சில பசியையும் சீனியையும் கூட்டக்கூடியவை. ஆதலால் நீரிழிவு உண்டென்பதை மனநல வைத்தியரிடமும், மனநோய் மருந்து உட்கொள்வதை நீரிழிவு வைத்தியரிடமும் தவறாது தெரிவித்தல் வேண்டும். எந்த மருந்தையும் தாமாக நிறுத்தலாகாது. இன்சுலினோ சில மாத்திரைகளோ பெறுபவருக்குச் சீனி தாழ்ந்து நடுக்கமும் வியர்வையும் கண்டால், மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரிற் கரைத்து உடனே அருந்தி, பதினைந்து நிமிடத்தின் பின் மீண்டும் பார்த்தல் வேண்டும். அது மருந்து, அதற்காக வெட்கப்படத் தேவையில்லை. நினைவிழந்தவர் வாயில் எதனையும் ஊற்றாது வைத்தியசாலைக்கு விரைதல் வேண்டும். வாழ்வை முடித்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தால் ஒரு கணமும் தாமதியாது அருகிலுள்ளவரிடம் சொல்ல வேண்டும். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்திலும் உதவி பெறலாம்.

திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரம் பெரிதும் உணவையே பேசுகிறது. அதன் இறுதிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்து, நோயாளி, வைத்தியர், மருந்து ஆகியவற்றோடு அருகிருந்து உதவுபவரையும் ஒரு கூறாக எண்ணினார். அந்நான்காம் இடம் வீட்டாருக்கும் நண்பருக்கும் உரியது. இந்நோய்களுள் எதுவும் ஓர் இரவில் நீங்குவதில்லை. கட்டுமீறி உண்ட இரவு இடையிடையே வரவே செய்யும். அதற்கு அடுத்த காலையில் என்ன செய்யப்படுகிறது என்பதிலேயே நோயின் போக்குத் தங்கியிருக்கிறது. அன்று பட்டினி கிடவாது, வழமைபோற் காலை உணவை உண்டு, மருந்தை உட்கொண்டு, கிளினிக் நாளை மறவாதிருப்பவர் சுழலினின்று வெளியே ஓரடி வைத்தவராவார். அக்காலையில் அவர் முன்னே தட்டை வைத்து, கணக்குக் கேளாது, உடனிருந்து உண்ணும் ஒருவர் இருப்பாராயின், அடுத்த அடி இன்னும் எளிதாகும்.