படையில் சேரும் பிள்ளையும் பால்ய நோயும்

(வல்லக்கோட்டைக் கிராமக் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஆற்றிய உரை)



ஏரி மராமத்தைப் பற்றிப் பேசுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். அதை அடுத்த கூட்டத்திற்கு வைத்துக்கொள்வோம். ஒரகடத்துத் தொழிற்சாலைகளில் ஒப்பந்த வேலைக்குச் செல்லும் இளைஞர்கள் நிறைந்த இவ்வட்டாரத்தில், ராணுவத்தில் சேர விரும்பி விடியற்காலையில் ஓடிப் பழகுவோரும் உளர். 1,600 மீட்டர் ஓட்டத்திற்கு அவர்கள் அஞ்சுவதில்லை. அஞ்சுவது மருத்துவப் பரிசோதனைக்கே. வலிப்பு, மூச்சிரைப்பு, காசநோய், காதில் சீழ், தலைக்காயம் இவற்றுள் ஏதேனும் முன்பு இருந்ததா என்று அங்கே கேட்பார்கள். 'எதுவும் இல்லையென்று சொல்லிவிடு' எனப் பெற்றோரே பிள்ளைக்குப் பாடம் சொல்லி அனுப்பும் வழக்கம் இருக்கிறது. அதைக் குறித்தே இன்று பேசுகிறேன்.

மறைக்கப்படுவனவற்றுள் முதன்மையானது வலிப்பு. குழந்தைக்குக் கடுங்காய்ச்சலில் கைகால் இழுத்தால் 'ஜன்னி கண்டது' என்கிறோம். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை, நூறு குழந்தைகளில் இரண்டு முதல் ஐந்து பேருக்கு இது வருவதுண்டு. பெரும்பாலோருக்கு வளர வளர நின்றுவிடும். காக்காய் வலிப்பு வேறு. காய்ச்சலின்றியே திரும்பத் திரும்ப வரும் நோய் அது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதி, ஊரார் வாய்க்குப் பயந்து, ஆஸ்பத்திரிச் சீட்டையே கிழித்தெறிந்துவிடுகிறோம். பெண் பிள்ளையாயின் கலியாணத்தை எண்ணி இன்னும் விரைவாகக் கிழிக்கிறோம்!

மருத்துவர்கள் இவற்றை ஒன்றாகப் பார்ப்பதில்லை. தேசியப் பாதுகாப்பு அகாதெமித் தேர்வின் அறிவிக்கைகளில் விமானப் படைக்கென வெளியான உடல்தகுதி விதிகள் இதைத் தெளிவாகவே கூறுகின்றன. ஐந்து வயதுக்குப் பின் வலிப்பு வந்திருந்தால் தகுதியில்லை. குழந்தைப் பருவத்தில் காய்ச்சலோடு வந்து, நரம்புக் குறை எதையும் விட்டுச் செல்லாததாயின், அது தீயதாகக் கொள்ளப்பட வேண்டியதில்லை. சிப்பாய்த் தேர்விலும் முடிவு கூறவேண்டியவர் ராணுவ மருத்துவரே. பிள்ளையின் தாய்மாமன் அல்லர். எந்த வயதில் வந்தது, காய்ச்சல் இருந்ததா என்பதை அவருக்குக் காட்டவல்லது, நாம் கிழித்தெறிந்த அந்தச் சீட்டுதான்.

மறைத்துச் சேர்ந்துவிட்டால் என்ன ஆகும்? 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 44ஆம் பிரிவின்படி, சேரும்போது படிவத்திலுள்ள கேள்விக்கு வேண்டுமென்றே பொய் விடை அளித்தவருக்கு, ராணுவ நீதிமன்றம் ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். தண்டனையைவிட நான் அஞ்சுவது உயிருக்கு. உண்மையாகவே வலிப்பு நோயுள்ளவன் துப்பாக்கியோடு மலை முகட்டில் காவல் நிற்கையில் விழுந்தால், அவனோடு நிற்பவர்களின் கதி என்ன?

பணமும் இதில் அடங்கியிருக்கிறது. 2022இல் அறிவிக்கப்பட்ட அக்னிபாத் திட்டத்தில் பணி நான்கு ஆண்டுகள். ஊனம் நேர்ந்தால் அதன் அளவுக்கேற்ப 44, 25, 15 லட்சம் ரூபாய் என உதவித்தொகை வகுத்திருக்கிறார்கள். ஆனால் அந்த ஊனம் பணியால் உண்டானது, அல்லது பணியால் மிகுந்தது என்று மருத்துவக் குழு கருதவேண்டும். அப்போது சேர்ந்த நாளின் ஏட்டைப் புரட்டிப் பார்ப்பார்கள்.

அந்த ஏட்டின் வலிமைக்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன். 1985இல் சிக்னல் படையில் சேர்ந்த ஒரு சிப்பாய், 1994இல் வலிப்பு நோய் காரணமாக விடுவிக்கப்பட்டார். நோய் பணியால் வந்ததன்று என்று ஊன ஓய்வூதியம் மறுக்கப்பட்டது. 2013இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. சேரும்போது நோய்க்குறிப்பு ஏதும் பதிவாகவில்லை. ஆகவே அவர் நலமாகவே சேர்ந்தார் என்று கொள்ளவேண்டும் என்பது அதன் சாரம். 'அப்படியானால் சொல்லாமல் விடுவதே லாபம் அல்லவா?' என்று கெட்டிக்காரர் ஒருவர் கேட்கலாம். அவர் எதையும் மறைத்தார் என்று அந்தத் தீர்ப்பு கூறவில்லை என்பதை அவர் கவனிக்க வேண்டும். மறைத்தவனுக்கோ, பழைய ஆஸ்பத்திரிப் பதிவு ஒன்று வெளிவந்த அன்றே அந்தத் துணை போய்விடும்.

பஞ்சாயத்துத் தலைவர்களிடம் ஒரு வேண்டுகோள். படைக்குப் போகும் பிள்ளை நன்னடத்தைச் சான்றிதழுக்கு உங்களிடம் வருவான். கையெழுத்திடும்போதே சிறுவயது நோயைப் பற்றி அவன் தாயிடம் தனியாக விசாரியுங்கள். திண்ணையில் பலர் முன்னிலையில் வேண்டாம். சீட்டு இல்லையெனில், சிகிச்சை பெற்ற ஆஸ்பத்திரியில் பதிவின் நகலைக் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பரிசோதனையில் தகுதியில்லை என்று சொல்லப்பட்டவர்கள் ராணுவ மருத்துவமனையில் மறுபரிசோதனை கோரவும் வழி உண்டு. அங்கே செல்லும்போது கையோடு கொண்டுபோக வேண்டியதும் அதுதான். பழைய சீட்டுகளில் மை மங்கிவிடும். இப்போதே இரண்டு நகல் எடுத்து வையுங்கள்.