வரப்பெலி சொல்லிக்கொடுத்த பாடம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விலங்கியல் பற்றி ஏதாவது பேசுங்கள் என்றார்கள். சிங்கம், புலி பற்றிப் பேச நான் காட்டுக்குப் போனவன் இல்லை. சேலம், நாமக்கல் சீமையில் வரப்பைத் தோண்டியவன். ஆகவே எலியைப் பற்றித்தான் பேசப்போகிறேன். சிரிக்கலாம், தப்பில்லை.

'மோல் ராட்' என்ற பெயரில் புத்தகங்களில் இரண்டு பிராணிகள் வரும். ஒன்று கென்யா, எத்தியோப்பியா, சோமாலியா மண்ணுக்கடியில் வாழும் ரோமமில்லாத எலி. தேனீக்களைப் போல அதற்கும் ஒரு ராணி உண்டு. அது மட்டுமே குட்டி போடும், மற்றவை உழைக்கும். இதை 1981-ல் ஜெனிஃபர் ஜார்விஸ் உலகுக்கு எடுத்துச் சொன்னார். 30 வயதைத் தாண்டியும் வாழும். ஆக்சிஜனே இல்லாமல் 18 நிமிடம் உயிர் தாங்கியதை 2017-ல் ஆய்வுக்கூடத்தில் கண்டார்கள்.

இன்னொன்று நம்ம ஊர் வரப்பெலி, 'பாண்டிகோட்டா பெங்காலென்சிஸ்'. பெயர்தான் ஒன்று, நெருங்கிய உறவில்லை. இது வீட்டெலியின் பங்காளி. மோகனூர், பரமத்தி வேலூர்ப் பக்கம் நெல், கரும்பு வயல்களில் இருக்கும், கோழிப்பண்ணையையும் விடாது. வளை வாயைப் பொலபொலப்பான மண்ணால் அடைத்துக்கொள்ளும். கதிரை வெட்டி உள்ளே சேர்த்துவைக்கும். சினைக்காலம் ஏறக்குறைய 23 நாள்தான்.

மாணவனாக இருந்தபோது இரண்டைப் பிடித்து ஒரே கூண்டில் விட்டேன். ராத்திரியெல்லாம் ஒரே உறுமல். காலையில் ஒன்றுதான் உயிரோடு இருந்தது. மரப்பெட்டிக்கு மாற்றினேன்; அதையும் கடித்து ஓட்டை போட்டுவிட்டது. ஆய்வுக்கூடத்து வெள்ளை எலியை வைத்து இதை எடைபோடக் கூடாது என்று அன்றே புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை.

விடுமுறைக்கு ஊருக்குப் போனேன். அப்பாவின் நெல் வயலில் எலித் தொல்லை. "படிச்ச பையன் நான் இருக்கேனே" என்று துத்தநாக பாஸ்பைடை வாங்கிப் பொரியில் கலந்து வளைகளில் வைத்தேன். முதல் ராத்திரி கொஞ்சம் தின்றன, சில செத்தன. மறுநாளிலிருந்து மற்றவை தொடவே இல்லை. சிறிதளவு தின்று வயிறு கலங்கிப் பிழைத்த எலி, அந்த இரையை மறுபடி நம்பாது. அதனால்தான் முதல் இரண்டு மூன்று நாள் விஷமில்லாத இரை வைத்துப் பழக்க வேண்டும். கூண்டில் பசியோடு கிடக்கும் எலி வைத்ததைத் தின்னும். சுற்றிலும் கதிர் நிற்கும்போது வயல் எலிக்கு என்ன அவசரம்?

அது அறிவுக்குப் பட்ட அடி. மனசுக்குப் பட்ட அடி இனிமேல்தான். வருஷா வருஷம் எங்கள் வயலில் எலி பிடிக்க வரும் பெரியவர் கடப்பாரையோடு வந்து நின்றார். வளைக்குள் கிடைக்கும் நெல்லும் எலியும்தான் அவருக்குக் கூலி.

"ஏனுங்க தம்பி, வளைக்குள்ள மருந்தப் போட்டுட்டீங்களாமா? இனி எலியத் திங்க முடியுங்களா, நெல்லத்தான் அள்ள முடியுங்களா? எம்பட புள்ளைங்களுக்கு என்னத்தைங்க கொண்டு போறது?"

பதில் சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை. வெறுங்கையோடு திரும்பிப் போனார்.

அடுத்த போகத்தில் அப்பா அவரையே கூப்பிட்டார். வரப்பைச் சிறுத்தோம். தஞ்சாவூர்க் கிட்டி வைத்தோம். கூகை வந்து உட்கார வயலில் குச்சி நட்டோம். அடைத்த மண்ணின் ஈரத்தைப் பார்த்தே எந்த வளையில் எலி இருக்கிறது என்று பெரியவர் சொல்வார். நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். எலி அடியோடு ஒழியவில்லை, குறைந்தது. அவர் வீட்டுக்கும் நெல் போனது.

மாணவச் செல்வங்களே, ஆய்வுக்கூடம் வேண்டும். அது இல்லாமல் ராணி எலியின் ரகசியம் தெரிந்திருக்காது. ஆனால், கூண்டில் கண்டதை வயலுக்குக் கொண்டுபோகும் முன், அந்த வயலை நம்பிப் பிழைப்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நான் கேட்காமல் விட்டேன். நீங்கள் விட வேண்டாம்.