உண்ணும் சோறும் சொல்லும் பெயரும்

(கலசப்பாக்கத்தில் நிகழ்த்திய உரை)



நாகர் நாட்டு மரபுணவு பற்றியும், அதனையே முதலாகக் கொண்டு தொழில் நடத்தும் அந்நாட்டு மக்களைப் பற்றியும் பேசுமாறு என்னைப் பணித்தீர்கள். நாகர் நாடு வடகிழக்கு எல்லையில் உள்ளது. நாமோ சேயாற்றங்கரையில் அமர்ந்திருக்கின்றோம். அவர் சமைப்பதை வியந்து பேசிவிட்டு, நம் அடுப்பில் வேகாமற்போன சோற்றை மறந்து கலைவோமாயின், இக்கூட்டத்தால் யாருக்குப் பயன்? ஆகலின் நம் கடைத்தெருவிலிருந்தே தொடங்குகின்றேன்.

கடையில் விற்கும் சிறுகூலப் பை ஒன்றை எடுத்துப் பாருங்கள். உள்ளே இருப்பது சாமையரிசி. மேலே எழுதியிருப்பதோ 'லிட்டில் மில்லட்' என்பது. அதுவும் தமிழெழுத்தில்! சாமை என்னும் ஈரெழுத்துச் சொல்லை எழுத மையில்லை. ஆங்கிலப் பெயரைத் தமிழெழுத்தில் எழுத மையுண்டு. நம் கஞ்சியையும், கறியையும், மிளகுத்தண்ணீரையும் ஆங்கிலேயன் உண்டு பார்த்தான். பொருளோடு பெயரையும் எடுத்துக்கொண்டு தன் அகரமுதலியில் ஏற்றினான். உணவை ஏற்றவன் அதன் பெயரையும் ஏற்றான். உணவுக்குரிய நாமோ அதன் பெயரைக் கைவிடுகின்றோம். இதைவிட நகைப்புக்கிடமானது வேறுண்டோ?

'பெயரில் என்ன இருக்கின்றது? வயிறு நிறைந்தாற் போதாதா?' என்பார் உளர். அவர்க்கு விடை கூறியாதல் வேண்டும்.

சாமை, தினை, வரகு, குதிரைவாலி, பனிவரகு, கேழ்வரகு, கம்பு. இவை ஏழும் ஏழு வேறு பயிர்கள். ஒன்று விளையும் நிலத்தில் மற்றொன்று அவ்வாறே விளையாது. ஒன்று கதிர் முற்றும் நாளில் மற்றொன்று முற்றாது. உமியின் தடிப்பும், உலையில் வேகும் நேரமும், கொள்ளும் நீரும் வேறு வேறு. இவ்வேற்றுமையெல்லாம் நம் முன்னோர் ஏட்டில் எழுதி வைத்தவை அல்ல; பெயரில் முடிந்து வைத்தவை. ஏழையும் ஒன்றாகத் திரட்டி 'மில்லட்' என்று ஒரே சொல்லால் சுட்டத் தொடங்கினால், அடுத்த தலைமுறைக்கு ஏழு பயிர்கள் இருந்தனவென்பதே தெரியாமற் போகும்.

ஒரு சான்று காட்டுகின்றேன். அறுவடைக் காலத்தில் மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த வரகு நஞ்சாகும். உண்டார்க்கு மயக்கமும் நடுக்கமும் தரும். அதனைக் 'கிறுக்கு வரகு' எனப் பெயரிட்டு நம் உழவர் ஒதுக்கினர். அவ்விரு சொற்களில் ஒரு மருத்துவ எச்சரிக்கையே அடங்கியுள்ளது. 2024ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில் மத்தியப் பிரதேசத்தின் பாந்தவகர் காட்டில் 10 யானைகள் இறந்தன. பூஞ்சணம் பிடித்த வரகுப் பயிரை மேய்ந்ததால் வந்த நஞ்சே அதற்குக் காரணம் என ஆய்வில் தெரிந்தது. ஆய்வுக்கூடம் கண்டதை நம் பாட்டிமார் ஒரு பெயரால் பேரப்பிள்ளைகட்குச் சொல்லி வைத்தனர். அப்பெயர் போனால் அவ்வறிவும் போகும்.

ஆங்கிலத்தின்மேல் மட்டும் பழிபோட்டு நாம் அமைந்துவிட இயலாது. இந்தியா முன்மொழிந்ததன்பேரில் 2023ஆம் ஆண்டை உலகச் சிறுகூல ஆண்டாக ஒன்றிய நாடுகள் அவை அறிவித்தது. நன்று; பாராட்டுவோம். அவ்வாண்டு பிப்பிரவரி 1இல் நடுவணரசு தந்த நிதிநிலை அறிக்கையில் இக்கூலங்கள் அனைத்துக்கும் 'சிறீ அன்னா' என்று பெயர் சூட்டப்பெற்றது. புன்செய் உழவன் நூற்றாண்டு நூற்றாண்டாகக் காத்து வைத்த பயிர்களுக்குப் பெயர் சூட்டுவிழா நடத்தியவர்கள், அவ்வுழவன் அவற்றை என்ன பெயரிட்டு அழைக்கின்றான் என்று கேட்டறிந்தார்களா? ஒருபக்கம் 'மில்லட்', மறுபக்கம் 'சிறீ அன்னா'. இரண்டுக்கும் நடுவில் சாமையும் தினையும் வரகும் நசுங்குகின்றன.

இக்கலசப்பாக்கத்து மக்கட்குப் பெயரிழப்பு புதிதன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம் இந்நிலத்தைப் பாடிய நூல். செங்கண்மாவை ஆண்ட நன்னன் சேய் நன்னனை நாடிச் செல்லும் கூத்தர்க்கு வழிகாட்டும் நூலாதலின் அதற்குக் கூத்தராற்றுப்படை என்றும் பெயர். செங்கண்மா இன்றைய செங்கம். அந்நூல் கூறும் சேயாறு இதோ நம் ஊரைத் தழுவிச் செல்லும் ஆறு. அது கூறும் நவிரமலை, அண்ணாந்து பார்த்தால் தெரிகின்ற பருவதமலையே என அறிஞர் பலர் கொள்வர். 'பருவதம்' என்னும் வடசொல்லுக்குப் பொருளே மலை என்பதுதான். ஆகவே நாம் இன்று அதனை 'மலைமலை' என்றழைத்து வருகின்றோம்! நவிரம் என்னும் அழகிய பெயர் நம் நாவிலிருந்தே நழுவிவிட்டது.

அந்நூலில் வழிநடைக் கூத்தர்க்கு இம்மலைவாழ் மக்கள் இட்ட உணவைப் பாருங்கள். தினைச்சோறு இடுகின்றனர். மூங்கிலரிசியும், மேட்டு நிலத்தில் விளைந்த நெல்லும், அவரையும், புளியும் சேர்த்துக் கூழ் அட்டுத் தருகின்றனர். மூங்கிற் குழாயில் முதிர்ந்த தேறலும் பேசப்படுகின்றது. அறியாத வழிப்போக்கனுக்கு இவற்றை இடுவதில் அவர்கட்கு நாணமில்லை, பெருமிதமே இருந்தது. 'எங்கள் வீட்டில் கூழ்தான்' என்று குரல் தாழ்த்திச் சொல்லும் இழிவுணர்வு பின்னால் வந்தது.

இந்த நாணத்தை வென்று காட்டியவர்கள் என்பதனால்தான் நாகரைப் பற்றிப் பேசுவது நமக்குத் தேவையாகின்றது.

நாகர் என்பார் ஒரே மொழியினர் அல்லர். ஆவோ, அங்காமி, சுமி, சக்கேசாங்கு எனப் பல குடியினர், பல மொழியினர். அவருள் சுமி நாகர் அவரை இனத்துச் சோயாப் பயற்றை வேகவைத்து, இலையிற் பொதிந்து, அடுப்பங்கரைச் சூட்டிற் சில நாள் வைத்துப் புளிக்கச் செய்வர். அதற்கு 'அக்குனி' என்று பெயர். மணம் மிக்கது என்னும் பொருள் பெயரிலேயே உண்டு. ஆவோ நாகர் சேம்பிலையைப் புளிக்கவிட்டு இடித்து, வட்டு வட்டாகத் தட்டி உலர்த்தி 'அனிசி' செய்வர். மூங்கில் முளையைப் புளிக்க வைப்பதும் அவர்தம் வழக்கம். புளித்த கூழும், பழஞ்சோற்று நீரும், இட்டலி மாவும் அறிந்த நமக்கு இக்கலை அயலானதன்று. புளிப்பேறுவதால் உணவு கெடாமல் நிற்கும்; செரிமானம் எளிதாகும். நாகர் கண்டதும் அதுவே, நாம் கண்டதும் அதுவே.

2007ஆம் ஆண்டில் தில்லிக் காவல்துறை, வடகிழக்கிலிருந்து வரும் மாணவர்க்கென ஒரு கையேடு வெளியிட்டது. அக்குனி, மூங்கில் முளை போன்ற மணமிக்க உணவுகளை அண்டை வீட்டார்க்குத் தொல்லையின்றிச் சமைத்துக்கொள்ளுங்கள் என அதில் அறிவுரை கூறப்பட்டது. தன் தாய் சமைத்த உணவை ஒளித்து உண்ண வேண்டிய நிலை! அக்கையேடு கடுங்கண்டனத்துக்கு உள்ளாயிற்று. நாகரோ தம் உணவின் பெயரை மாற்றி நாகரிகப் பெயர் சூட்டிக்கொள்ளவில்லை. அக்குனி அக்குனியாகவே நின்றது. இன்று அதே பெயரோடு புட்டியிலும் பொதியிலும் அடைக்கப்பெற்று நகரங்களில் விலைக்கு வருகின்றது.

2000ஆம் ஆண்டில் தொடங்கிய இருவாய்ச்சி விழா கோகிமாவை அடுத்த கிசாமாவில் திசம்பர்த் திங்களின் முதற் பத்து நாள் நடைபெறுகின்றது. அங்கே ஒவ்வொரு குடிக்கும் ஒரு மரபு மனை. அம்மனையில் அக்குடியின் சமையல். வருவோர் அக்குடியின் சொல்லாலேயே உணவைக் கேட்டு வாங்கியுண்பர். நாகர் மிளகாய்க்கு 2008இல் புவிசார் குறியீடு கிடைத்தது. விழாவால் மட்டுமே வாழ்வு வந்துவிடாது. வேடிக்கை பார்க்க வருவோனுக்காகச் சமைப்பது ஒன்று, நாள்தோறும் உண்பதற்காக விளைப்பது மற்றொன்று. இரண்டாவதற்கும் அங்கே சான்றுண்டு. பெக்கு மாவட்டத்துச் சிசாமி என்னும் சிற்றூரில், 'வடகிழக்கு வலைப்பின்னல்' என்னும் மகளிர் அமைப்பின் துணையோடு, மறைந்துவந்த சிறுகூலங்களைப் பெண்கள் மீண்டும் விதைத்தனர். 2008இல் அதே ஊரில் இடுப்புத்தறி நெசவை வருவாய் தரும் தொழிலாக்கினர். 2014இல் வயல்வேலையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என அவ்வூர் மன்றம் முடிவெடுத்தது. விதை, தறி, கூலி மூன்றும் அங்கே ஒரு கயிற்றின் மூன்று புரிகளாயின. ஆரணி வட்டாரத்துத் தறிகாரர் இதனைக் கருதிப் பார்த்தல் வேண்டும்.

இனி நம் மலைக்கு வருவோம். சேயாறு பிறக்கும் சவ்வாது மலையில் மலைவாழ் மக்களின் முதன்மைப் பயிர் சாமை. சாமைக்கு உமி கடிது. உரலில் இட்டுக் குத்திப் புடைப்பது பெண்களின் முதுகை ஒடித்த வேலை. 'பழைய உணவு, பழைய உணவு' என்று மேடையிற் புகழ்வோர் அவ்வுலக்கையை ஒருநாள் தூக்கிப் பார்த்தல் வேண்டும்! அவ்வுழைப்புக்கு அஞ்சியே பல வீடுகள் சாமையைக் கைவிட்டன. விளைந்ததை உமியோடு வணிகரிடம் கொடுத்தனர். அது நாசிக் போன்ற தொலைவூர் ஆலைகளுக்குச் சென்று தீட்டப்பெற்று, அயற்பெயர் சூடி, பன்மடங்கு விலையோடு திரும்பிற்று. மூட்டை போகும்போது சாமை. பை வரும்போது 'லிட்டில் மில்லட்'. பெயர் மாறிய இடத்திலேதான் விலையும் கைமாறிற்று என்பதைக் கருத்திற் கொள்க.

கொல்லிமலையிலும் இக்கதையே. சேலத்துச் சவ்வரிசி ஆலைகளுக்கான மரவள்ளி பரவியதால் அங்கே சாமையும் தினையும் சுருங்கின. 1990களில் தொடங்கி ம.சா. சுவாமிநாதன் ஆய்வு நிறுவனம் அம்மக்களோடு நின்று விதைகளைத் தொகுத்தது. ஊர்களிலேயே சிறு தீட்டுபொறிகளை நிறுவ உதவியது. மகளிர் குழுக்கள் மாவும் கலவையும் செய்து விற்கக் கற்றன. 2009இல் அவ்வுழவர் தமக்கென ஒரு கூட்டமைப்பே அமைத்துக்கொண்டனர். சவ்வாது மலையிலும் இன்று பழங்குடி உழவர் தம் உற்பத்தியாளர் நிறுவனம் வழியே சாமையை அரிசியாக்கி விற்கின்றனர். இக்கலசப்பாக்கத்திலேயே மரபு விதைகளைக் காத்துப் பரப்பும் நடுவம் உள்ளது. ஆண்டுதோறும் நெல்லுக்கு விழாவெடுத்து, 170க்கு மேற்பட்ட நெல்வகைகளை மீட்டுத் தந்து 2018இல் மறைந்த நெல் செயராமன் நடந்த வழி இது.

நெசவாளத் தோழர்களே! ஆரணிப் பட்டும் புவிசார் குறியீடு பெற்றதுதான். அரசு தரும் சான்றிதழ் தறிக்குழியில் கால்வைத்திருப்பவனின் கூலியைத் தானாக உயர்த்திவிடாது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டுவதில்லை. பெயரும், பொறியும், விற்பனையும் உழைப்பவன் கூட்டுறவின் கையில் இருந்தாலன்றி ஊதியம் ஊரில் தங்காது. பட்டுக்குப் பொருந்துவது சாமைக்கும் பொருந்தும்.

ஆகவே மூன்று வேண்டுகோள்களை உங்கள்முன் வைக்கின்றேன்.

ஒன்று: இவ்வட்டாரத்தில் விற்கும் ஒவ்வோர் உணவுப் பையிலும் பயிரின் தமிழ்ப்பெயர் முதலில், பெரிதாக, விளைந்த ஊரின் பெயரோடு எழுதப்பெறல் வேண்டும். அயலார்க்கு விளங்க வேண்டுமாயின் ஆங்கிலப் பெயர் கீழே சிறிதாக இருக்கட்டும், தடையில்லை.

இரண்டு: தீட்டுபொறி மலையடிவாரத்திலேயே, விளைப்பவர் கூட்டுறவில் இயங்கல் வேண்டும். படித்துவிட்டு வேலைதேடிச் சென்னைக்கு ஓடும் இளைஞர் இதனைத் தம் தொழிலாக எண்ணிப் பார்க்கட்டும். உலக்கையின் இடத்தில் பொறி வரட்டும். உரலின் இடத்தில் அடிமைத்தனம் வர வேண்டா.

மூன்று: வாங்கி உண்பார் இல்லையேல் விளைப்பார் இல்லை. நம் மணவிழாப் பந்தியில், மன்றக் கூட்டத்தில், கிழமைக்கு ஒருநாளேனும் நம் வீட்டில் சாமைச்சோறோ தினைப்பொங்கலோ இடம்பெறட்டும். இடும்போது அதன் பெயரைச் சொல்லி இடுங்கள். பிள்ளை அச்சொல்லைச் சோற்றோடு சேர்த்து விழுங்கட்டும்.

நன்னன் நாட்டுக் குறவன், வழிப்போக்கனை அழைத்துத் தன் தினைச்சோற்றை நாணாமல் இட்டான். சுமி நாகன் தன் அக்குனியை நாணாமல் விற்கின்றான். நாம் மட்டும் நாணுவானேன்? சாமையைச் சாமை என்று கூவி விற்போம். விலையையும் நாமே சொல்வோம்.