விரல் நுனியில் எழுத்து: பார்வைக் குறையுடைய குழந்தைகளுக்கான விளையாட்டுக் கருவிகள்



பார்வையுள்ள குழந்தை பள்ளியிற் சேருமுன்பே எழுத்தை ஆயிரம் இடங்களில் கண்டுவிடுகிறது. கடைப் பலகை, பேருந்து, தீப்பெட்டி, எங்கும் எழுத்து. பார்வையற்ற குழந்தைக்கோ, பிரெய்ல் தாளை எவரேனும் விரல் நுனியில் வைக்கும் நாள்வரை எழுத்தென ஒன்று இருப்பதே தெரிவதில்லை. இவ்விடைவெளியை நிரப்புவதே விளையாட்டுக் கருவியின் முதற்பணி.

இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெய்ல் 1951இல் ஏற்கப்பெற்றது. ஆறு புள்ளிகளுள் முதற்புள்ளி மட்டும் இருப்பின் 'அ'. முதலும் மூன்றும் சேர்ந்தால் 'க'. தமிழ்க் குழந்தைக்கும் இந்திக் குழந்தைக்கும் இவை ஒன்றே. ஆகவே ஒரு மாநிலத்தில் உருவான எழுத்துக் கட்டை பெரும்பாலும் பிற மாநிலங்களுக்கும் பயன்படும்.

ஆறு குழிகளும் ஆறு முளைகளும் கொண்ட மரப்பலகை எளிய தொடக்கமாகும். சன்னபட்டணத்துக் கடைசல் தொழிலாளருக்கு இது கடினமான வேலையன்று. ஆனால் ஓர் எச்சரிக்கை: உண்மையான பிரெய்ல் புள்ளியின் உயரம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர், புள்ளிகளின் இடைவெளி ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர். ஆறும் ஒரே விரல் நுனியில் அடங்கிவிடும். உள்ளங்கை அகலப் பலகையில் முளைகளை எண்ணிப் பழகிய குழந்தை தாளிலும் உடனே படித்துவிடும் என எதிர்பார்ப்பது பிழை. பெரிது, நடுத்தரம், உண்மை அளவு எனச் சுருங்கிவரும் தொகுதியே வேண்டும். கட்டையில் அச்செழுத்தும் இருத்தல் நன்று. 2020இல் வெளிவந்த லெகோ பிரெய்ல் கட்டைகளில் இது உண்டு. அண்டை வீட்டுக் குழந்தையும் உடன் அமர்ந்து ஆடலாம் அன்றோ?

நுட்பங்கள் சிறியவையே. மணி வைத்த பந்து உருளும்வரை ஒலிக்கும்; நின்றதும் ஒலியும் நின்று பந்து தொலைந்துபோகும். விளிம்புயர்ந்த தட்டு ஒன்று இக்குறையைத் தீர்க்கும். கிரான்மர் மணிச்சட்டத்தில் மணிகளுக்கு அடியில் மென்துணி பதித்திருப்பது, விரல் பட்டதும் அவை நழுவாதிருக்கவே. சிறிது பார்வை எஞ்சியுள்ள குழந்தைகளும் பலர். கறுப்பும் மஞ்சளும் போன்ற எதிர் வண்ணங்கள் அவர்களுக்கு உதவும்.

கைப்பேசிச் செயலிகளின் நிலை வேறு. திரையைப் படித்துச் சொல்லும் வசதி பெரும்பாலான கைப்பேசிகளில் உள்ளது. ஆயினும் படத்தை மட்டும் தாங்கிய பொத்தானுக்குப் பெயர் எழுதப்படாவிடில், 'பொத்தான்' என்பதற்குமேல் அது சொல்வதற்கு ஒன்றுமில்லை. விரலால் இழுத்துப் பொருத்தும் ஆட்டங்களும் இவ்வசதியோடு எளிதில் ஒத்துவருவதில்லை. இதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. கேட்டே கற்கும் குழந்தை 'பல்லி'க்கும் 'பள்ளி'க்கும் எழுத்தில் உள்ள வேற்றுமையை அறியாமலே வளரக்கூடும். செயலி பிரெய்லுக்குத் துணையாகலாம், மாற்றாகாது.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், வரையறுத்த அளவு குறைபாடுடைய மாணவர்க்குப் பதினெட்டு வயதுவரை கற்றல் பொருள்களை இலவசமாக வழங்கப் பணிக்கிறது. அவற்றை வாங்கும் அலுவலர், மாதிரியை முதலில் பார்வையற்ற குழந்தைகள் சிலரிடம் ஒரு வாரம் கொடுத்துவைத்து, அவர்கள் எதைத் தொடாமல் ஒதுக்கினர் என்று குறித்துக்கொண்ட பின்னரே கொள்முதல் ஆணையில் கையொப்பமிடுதல் வேண்டும்.