குரங்கு பெரிதா, மின்சாரம் பெரிதா?



டுரியான் பழத்தை அறியாதவர் நம் நாட்டில் இல்லை. அதற்கு உறவான மரமொன்று கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்து மலைக்காட்டில் இருக்கிறது. வெடிப்பலா என்று பெயர். அதன் காயிலும் முள் நிறைந்திருக்கும். மற்றப் பழங்கள் அருகிவிடும் மாதங்களில் இம்மரத்தின் பூவையும் விதையையும் தின்று காலம் தள்ளும் குரங்கினம் ஒன்று உண்டு. சிங்கவால் குரங்கு என்பார்கள். சோலைமந்தி என்றும் சொல்வதுண்டு. உடல் கறுப்பு, முகத்தைச் சுற்றி வெள்ளிநிறப் பிடரி, வாலின் நுனியில் சிங்கத்துக்கு இருப்பதுபோல் ஒரு குஞ்சம்.

குரங்கு என்றதும் நம் வகுப்புப் பிள்ளைகள், அடுக்களைக்குள் புகுந்து சோற்றுப் பானையை உருட்டும் குரங்கைத்தான் நினைக்கிறார்கள். இது அந்த இனமன்று. மரத்துக்கு மரம் தாவி, கிளைகளின் மேலேயே பெரும்பாலும் வாழ்வது. குட்டியும் ஒவ்வொன்றாகவே ஈனும். மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகில் வேறெங்கும் இது காட்டில் வாழவில்லை. எஞ்சியிருப்பவை நாலாயிரத்துக்கும் குறைவு என்று கணக்கிடுகிறார்கள்.

இந்தக் குரங்கின் வீடுகளில் ஒன்றுதான் அமைதிப் பள்ளத்தாக்கு. நீலகிரி மலையை ஒட்டிய உயர்ந்த பள்ளத்தாக்கு அது. நடுவே குந்திப்புழை ஓடுகிறது. புழை என்றால் மலையாளத்தில் ஆறு. அவ்வாற்றின் குறுக்கே, சைரந்திரி என்னும் இடத்தில், சுமார் 130 மீட்டர் உயர அணை கட்டி 120 மெகாவாட் மின்சாரம் எடுப்பதென்று திட்டமிட்டார்கள். 1973-இல் மத்திய திட்டக் குழு அதற்கு ஒப்புதல் தந்தது. நீரில் மூழ்கவிருந்த காடு ஏறத்தாழ 8 சதுர கிலோமீட்டர்.

மொத்தக் காட்டில் இது சிறு பங்குதானே என்று கேட்கலாம். அன்றும் கேட்டார்கள். ஆனால் மூழ்கவிருந்தது ஆற்றோரத்து அடர்ந்த காடு. அங்கே நீர்ப்பரப்பு விரிந்தால் கிளைவழிப் பாதை அறுந்துபோகும். ஒரு கரைக் கூட்டம் மறுகரைக்குப் போக முடியாது. பிரிந்த கூட்டங்கள் காலப்போக்கில் நலிந்துவிடும்.

"மனிதன் பெரிதா, குரங்கு பெரிதா?" என்று திட்டத்தை ஆதரித்தவர்கள் கேட்டார்கள். அவர்களைப் பழிப்பது எளிது. நாம் பழிக்க மாட்டோம். மண்ணெண்ணெய் விளக்கில் படித்தவர்களுக்குத்தான் மின்விளக்கின் அருமை தெரியும். மலபார்ப் பகுதி மக்களுக்கு வேலையும் வெளிச்சமும் தேவைப்பட்டன என்பது மெய்.

எதிர்த்தவர்களும் வெறும் உணர்ச்சியோடு நின்றுவிடவில்லை. கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத் என்னும் அமைப்பு, ஆசிரியர் பலர் உறுப்பினராக இருந்தது, கணக்குப் போட்டுக் காட்டியது. கேரளம் அன்று அண்டை மாநிலங்களுக்கு மின்சாரம் விற்றுக்கொண்டிருந்தது. மலபாரின் குறை உற்பத்தியில் மட்டுமில்லை, மின்கம்பிகளை ஊர் ஊராகக் கொண்டு சேர்ப்பதிலும் இருக்கிறது என்று வாதாடியது. பேராசிரியர் எம். கே. பிரசாத் எழுதினார். கவிஞர் சுகதகுமாரி பாடினார். பறவை அறிஞர் சலீம் அலி குரல் கொடுத்தார். வழக்கு நீதிமன்றம் வரை போயிற்று. பிரதமர் இந்திரா காந்தி திட்டத்தை மறுபடி ஆராயச் செய்தார். கடைசியில் திட்டம் கைவிடப்பட்டது. 1984-இல் அப்பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1985-இல் ராஜீவ் காந்தி அதை முறைப்படி தொடங்கிவைத்தார். பரப்பு 89.52 சதுர கிலோமீட்டர்.

காடு துண்டானால் என்ன ஆகும் என்பதை வால்பாறையில் காணலாம். தமிழ்நாட்டில் இருக்கும் அவ்வூரில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே தீவுபோல் எஞ்சிய காடுகளில் இதே குரங்குகள் வாழ்கின்றன. மரம் போதாமல் தரையில் இறங்குகின்றன. சாலையைக் கடக்கையில் வண்டிகளில் அடிபடுகின்றன. இப்போது சாலையின் இரு பக்க மரங்களையும் இணைத்து உயரே பாலம் கட்டித் தந்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் வகுப்பில் சொன்னபோது, ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி எழுந்து, "சார், அணை கட்டாததால் அந்த ஊர்க்காரர்களுக்குக் கரண்டு வரவில்லையா?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. அந்த 120 மெகாவாட் வராமலே போயிற்று, அது நட்டந்தான் என்று ஒளிக்காமல் சொன்னோம். அவள் சற்று யோசித்துவிட்டு, அந்த வெடிப்பலாவுக்கு டுரியான் போலவே வாசனை உண்டா என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்.